குதிரை வைத்த மொய்

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் சென்னையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். இந்த வருடம், குதிரையை அடவு பிசகாமல் நடத்திக் காட்டுகிற டிரெஸ்ஸாஜ் என்ற பிரிவில், ஜூனியர் போட்டி ஒன்றில் வெண்கலம் வாங்கியிருக்கிறாள். ஊருக்கு வந்தபோது வீட்டில் ஒரு சின்ன விருந்து வைத்திருக்கிறார்கள். அங்கே அந்தப் பெண் இரண்டு நிமிடம் பேசினாளாம், இரண்டு நிமிடமும் நன்றிதானாம். குதிரைக்கு, குதிரையைக் கழுவுகிறவருக்கு, லாடம் அடிக்கிறவருக்கு, மருத்துவருக்கு. கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, "ஓடுனது குதிரை, பாத்துக்கிட்டது வேற ஆளு, அப்ப நீ என்ன ஆத்தா செஞ்சே?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரிக்க, பிள்ளை முகம் சுண்டிப்போய்விட்டது.

தாயின் கேள்விகள் இவை. அவள் உண்மையில் என்னதான் செய்கிறாள்? அந்த நன்றியெல்லாம் மேடைச் சம்பிரதாயமா? அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, நிறுத்திவிடலாமா? கடைசியில் கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்று: அந்தக் குதிரைக்கும் குதிரைக்காரருக்கும் வீட்டுப் பலகாரம் கொடுத்தனுப்பலாமா?

நான் கால்நடை மருத்துவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையில் சில வருடம் குதிரை லாயங்களோடு பழக்கம். அப்புறம் ஓய்வு பெறும்வரை காரைக்குடியைச் சுற்றித்தான். இங்கே பெரும்பாலும் மாடு, ஆடு. ஆனால் எல்கைப் பந்தயம் என்கிற வண்டிப் பந்தயம் நடக்கிற சீமை என்பதால் வண்டிக் குதிரைகளும் கைக்கு வந்துகொண்டே இருந்தன. உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதைக் கடைசிக்கே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பெரியப்பா. அவர் கேட்டதில் தப்பில்லை. நன்றாக ஏறுகிறவரைப் பார்த்தால் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரிதான் தெரியும். டிரெஸ்ஸாஜ் களம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஓரத்தில் எழுத்துப் பலகைகள் நிற்கும். இந்த எழுத்துக்கு நேராக நடையிலிருந்து துள்ளோட்டத்துக்கு மாற வேண்டும், அந்த எழுத்தில் வட்டம் போட வேண்டும், நடுக்கோட்டில் வந்து ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர்கள் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போடுவார்கள். குதிரைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஏறியிருக்கிறவர் வாய் திறந்து சத்தம் கொடுத்தால் மதிப்பெண் போய்விடும். அப்படியானால் செய்தி எப்படிப் போகிறது? இடுப்பு ஒரு விரற்கடை சாய்வதில், கெண்டைக்கால் அழுத்துவதில், கடிவாள வாரைப் பிடித்த விரல் இறுகித் தளர்வதில்.

குதிரை அரை டன் எடை இருந்தாலும் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும். அவ்வளவு கூர்மையான தோல். அதன் மேல் ஒரு ஆள் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கனத்து உட்கார்ந்தால் அதுவும் அதற்கு ஒரு கட்டளைதான். துள்ளோட்டத்தில் முதுகு நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் தூக்கிப் போடும். அந்த ஆட்டத்தில் இடுப்பு மட்டும் குதிரையோடு போக, கையும் காலும் அசையாமல் இருக்க வேண்டும். இதைப் பழகவே இரண்டு மூன்று வருடம் ஆகும். உங்கள் மகள் ஆறு வருடமாகப் படித்தது பெரும்பாலும் இதைத்தான். நினைக்காததையெல்லாம் உடம்பு குதிரையிடம் உளறிக்கொண்டே இருக்கும், அந்த உளறலை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கச்சேரியில் வீணைதானே சத்தம் போடுகிறது, வாசிக்கிறவர் என்ன செய்தார்? ஒரு வித்தியாசம், இந்த வீணைக்குப் பசிக்கும், பயம் வரும், காலையில் மனசு சரியில்லாமலும் இருக்கும்.

வருடக் கணக்கு குதிரைக்கும் உண்டு. எட்டு ஒன்பது வயது ஆகாத குதிரையை ஒலிம்பிக்கில் இறக்க விதி இடம் தராது. எலும்பும் தசைநாரும் முதிர வேண்டும், அவசரப்பட்டால் கால் போய்விடும். மேடையில் மூன்று நிமிடம் பார்க்கிற பதக்கத்துக்குப் பின்னால் ஒரு குதிரையின் குட்டிப் பருவம் முழுக்க யாரோ பொறுமையாக நடத்திக் கொண்டுவந்த உழைப்பு இருக்கிறது. அந்த யாரோ பெரும்பாலும் ஏறுகிறவர் அல்ல.

நம் நாட்டுப் பதக்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982 தில்லி ஆசியப் போட்டியில் இந்தியா குதிரையேற்றத்தில் மூன்று தங்கம் வாங்கியது. டிரெஸ்ஸாஜ், மேடு பள்ளத்தில் ஓட்டம், தடை தாண்டல் மூன்றும் சேர்ந்து மூன்று நாள் நடக்கும் ஈவென்டிங் பிரிவில் தனிநபர் தங்கம் ரகுபீர் சிங்குக்கு. அவர் 61ஆம் குதிரைப்படையைச் சேர்ந்தவர். அன்றைக்கு இந்த விளையாட்டே ராணுவ லாயங்களில்தான் உயிரோடிருந்தது. அடுத்த தனிநபர் பதக்கம் வர 36 வருடம் ஆனது. 2018இல் ஜகார்த்தாவில் பெங்களூர்க்காரர் ஃபுவாத் மிர்சா வெள்ளி வாங்கினார், அணிக்கும் வெள்ளி. அவருடைய தந்தை குதிரை மருத்துவர் என்பதை எங்கள் தொழில்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் செனியூர் மெடிகாட் என்ற குதிரையில் ஏறி 23ஆவதாக வந்தார். அதற்கு முன்னால் ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இறங்கிய இந்தியர் 2000இல் சிட்னி போன இம்தியாஸ் அனீஸ்.

2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம். அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா. குதிரையேற்றத்தில் 41 வருடத்துக்குப் பிறகு வந்த தங்கம். மொத்தம் 209.205. அந்தக் கூட்டலில் சேர்ந்தது மேலே இருந்த மூன்று பேரின் மதிப்பெண் மட்டும்தான், ஆனாலும் நாலு பேர் கழுத்திலும் தங்கம் விழுந்தது. நாலாவதாக ஒருவர் ஏறியதால்தான் மற்ற மூவரும் பயமில்லாமல் ஏற முடிந்தது. அனுஷ் தனிநபரில் வெண்கலமும் வாங்கினார், குதிரை பெயர் எட்ரோ. அடுத்த வருடம் பாரிஸில் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியரும் அவர்தான். பாரிஸில் அவர் ஏறியது எட்ரோ இல்லை, சர் கேரமெல்லோ ஓல்ட் என்ற வேறு குதிரை. அதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, எட்ரோ இப்போது எந்தப் புல்வெளியில் நிற்கிறதோ என்பதுதான். தொழில் புத்தி.

இந்த நால்வரும் பல வருடம் ஐரோப்பாவில் தங்கிப் பழகியவர்கள். ஆசை மட்டும் காரணம் இல்லை. குதிரை நோய்கள் பற்றிய தனிமைப்படுத்தல் விதிகளால் இந்தியாவிலிருந்து ஒரு குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோய்த் திரும்புவது ரொம்பக் காலம் நடவாத காரியம். அதனால் குதிரை இருக்கிற ஊருக்குப் பிள்ளைகள் போனார்கள். 2025 ஜூலையில்தான் மீரட்டிலுள்ள ராணுவக் கால்நடை மையத்துக்கு நோயற்ற குதிரை வளாகம் என்று உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. கதவு இப்போதுதான் ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது.

சரி, நன்றிக்கு வருகிறேன். இதை ஒரு ராத்திரியைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

காரைக்குடிக்குத் தெற்கே ஒரு ஊர். கோயில் திருவிழாவை ஒட்டி எல்கைப் பந்தயம். பெரிய குதிரைப் பிரிவு, போக வர எட்டு மைல். முதலாவதாக வந்து கொடி வாங்கியது ஒரு வெள்ளைக் குதிரை. ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியது. மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். அப்புறம் அன்பு மிகுதியில் ஆளுக்கு ஒரு கை ஊட்டினார்கள். ஒருவர் சர்க்கரைப் பொங்கல், ஒருவர் வெல்லம், ஒருவர் பந்தியில் மிஞ்சிய சோற்றை ஒரு அண்டாவில் கொண்டுவந்து வைத்தார். குதிரையைப் பார்த்துக்கொள்கிற குதிரைக்காரர் தடுத்துப் பார்த்திருக்கிறார். "செயிச்ச பிள்ளைக்குச் சோறு போடாம என்னய்யா" என்று அதட்டியிருக்கிறார்கள்.

ராத்திரி ஒரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியவர் அந்தக் குதிரைக்காரர்தான். "டாக்டரய்யா, வெள்ளையன் கொள்ளைத் தொடல. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குறான்." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. இரைப்பைக்கு மேலே இருக்கிற வால்வு ஒருவழிப் பாதை. அந்தப் பெரிய உடம்புக்கு இரைப்பையோ பத்துப் பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். பழக்கமில்லாத சோறும் இனிப்பும் உள்ளே போய்ப் புளித்துக் காற்றுக் கட்டினால், ஒன்று கீழே போக வேண்டும், இல்லையென்றால் குடல் முறுக்கும், இரைப்பை வெடிக்கும். ஆங்கில மருத்துவத்தில் கோலிக் என்போம். குதிரைகள் சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

போய்ப் பார்த்தபோது குதிரை முன்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. விலாவெல்லாம் வியர்வை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சாதாரணமாக மழைக்கால வாய்க்கால் மாதிரி சத்தம் கேட்க வேண்டிய வயிறு, மூச்சுவிடாமல் இருந்தது. வலிக்கு ஊசி போட்டேன். மூக்கு வழியே குழாயை இறக்கிக் காற்றை வெளியே விட்டு, திரவ பாரஃபின் ஊற்றினேன். அதற்குமேல் என் வேலை கொஞ்சம்தான். மீதி அந்த மனிதருடையது. படுத்துப் புரளவிடாமல் குதிரையை நடத்தினார். பத்து நிமிடம் நடை, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி நடை. லாந்தர் வெளிச்சத்தில் களத்தைச் சுற்றிச் சுற்றி, அதன் காதோரம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். பந்தய நாளில் எட்டு மைல் வண்டிக்குப் பின்னால் மோட்டார் பைக்கில் போய்வந்த ஆள் அவர், அன்றைக்குத் தூங்கவே இல்லை.

கோழி கூப்பிடுகிற நேரத்தில் குதிரை வாலைத் தூக்கி லத்தி போட்டது. அந்த மனிதர் அந்தச் சூட்டோடு லத்தியைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கொடி வாங்கியபோது எடுத்த புகைப்படத்தில் அவர் இல்லை. வண்டிக்காரரும் குதிரை சொந்தக்காரரும்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு ஊர் காட்டியதும் நன்றிதான். அந்த நன்றி குதிரையைக் கொல்லப் பார்த்தது. குதிரைக்காரர் கொள்ளுத் தொட்டியை எட்டிப் பார்த்தாரே, அதுவும் நன்றிதான். இரண்டுக்கும் உள்ள தூரம் அந்தப் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்குப் புரிந்திருக்கிறது. அதனால்தான் பேர் பேராகச் சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தப்பு நமக்குப் புதிதும் இல்லை. பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்துபோன மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: இந்தத் தேசத்தில் குதிரைகள் வருடா வருடம் செத்துப்போகின்றன, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, வெந்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள், விற்கிற வியாபாரிகளோ லாடக்காரர்கள் இங்கே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! அவர் கேட்டதில் கொஞ்சம் மிகையும் இருக்கலாம். ஆனால் பொன் கொடுத்துக் குதிரை வாங்கிவிடலாம், குதிரைக்காரரை வாங்க முடியாது என்கிற இடம் எனக்கு நன்றாகப் பிடிபடுகிறது. அண்டாவில் சோறு வைத்தவருக்கு எழுநூறு வருடப் பாரம்பரியம் இருக்கிறது என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு.

சென்னை கிளப்புகளில் குதிரைக்காரரை சைஸ் என்பார்கள். விடிவதற்கு முன்னால் அவர் வந்து முதலில் பார்ப்பது குதிரையை இல்லை, தரையை. ராத்திரி எத்தனை லத்தி விழுந்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது. அப்புறம் நாலு குளம்பையும் தூக்கிக் கல்லும் மண்ணும் தோண்டி எடுப்பார். காலைத் தடவி எங்கே சூடு என்று பார்ப்பார். குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டர் வரை வளரும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றிச் சீவி அடிக்காவிட்டால் காலின் கோணமே மாறிவிடும். உங்கள் மகள் லாடக்காரருக்கு நன்றி சொன்னதை விளையாட்டாக நினைக்காதீர்கள். ஆணி ஒன்று அரை நூல் உள்ளே போயிருந்தால் அவளுக்கு அந்த மாதம் போட்டியே கிடையாது. உலகப் போட்டிகளை நடத்துகிற சர்வதேசக் கூட்டமைப்பே சிறந்த குதிரைப் பராமரிப்பாளருக்கு என்று ஒரு விருது வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பூசி மெழுகியதாகும். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிரிட்டிஷ் வீராங்கனை சார்லட் டுஜார்டின், 2024 பாரிஸ் போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் தானாகவே விலகினார். பயிற்சி ஒன்றில் குதிரையைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கிற பழைய வீடியோ வெளியே வந்துவிட்டது. ஒரு வருடத் தடையும் வந்தது. மேடையில் குதிரைக்கு முத்தம் கொடுப்பது எல்லாராலும் முடியும். டிரெஸ்ஸாஜில் குதிரையின் வாயிலோ விலாவிலோ புது ரத்தம் தெரிந்தால் வெளியேற்றிவிடுவார்கள் என்று விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறதே என்பதையும் யோசிக்க வேண்டும். நம் ஊர்ப் பந்தயத்திலும் எல்லைக்கோடு நெருங்கும்போது சாட்டை பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லியும் இருக்கிறேன், கேட்டவர் கொஞ்சம்.

நன்றியை நம் சீமை சொல்லாக வைத்துக்கொள்வதில்லை. மொய் நோட்டில் எழுதி வைக்கும். யார் எவ்வளவு செய்தார் என்பது இருக்கும், அவர் வீட்டுக் காரியம் வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு போவோம். கோயிலுக்கும் அப்படித்தான். புரவி எடுப்பைப் பார்த்திருப்பீர்கள். அய்யனாரிடம் வேண்டிக்கொண்டவர், வேண்டியது நடந்த பிறகு மண்குதிரை செய்துவைக்கிறார். ஊர் கூடி, மண் வனைகிற வேளாரிடம் பிடிமண் கொடுக்கும். அவர் விரதமிருந்து மாதக்கணக்கில் வனைந்து, காய வைத்து, சுட்டு, வர்ணம் அடித்து, கண் திறந்து தருவார். அப்புறம் அதைத் தோளில் சுமந்துகொண்டு வெயிலில் மண்சாலையில் போவார்கள். புரவி என்று பேர், ஆனால் அன்றைக்கு மனிதர்கள்தான் அதைச் சுமக்கிறார்கள். சுமந்தவரைச் சுமப்பது என்கிற அந்தக் காட்சி எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையை அடைக்கும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்க முடியாது என்பது சரிதான், இதை யாரும் ஆற்றைக் கடக்கச் செய்வதில்லை. கடந்து வந்தாயிற்று என்று சொல்லச் செய்கிறார்கள்.

உங்கள் மகள் பேசியது நோட்டில் எழுதியது மட்டும். திருப்பிச் செய்ய வேண்டிய காலம் இனிமேல்தான். போட்டிக் குதிரை இருபது வயதுக்குள் பெரும்பாலும் ஓய்வுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் பத்து வருடம் உயிரோடிருக்கும், அந்தப் பத்து வருடமும் தின்னும். கார் என்றால் ஷெட்டில் நிறுத்திச் சாவியை மாட்டிவிடலாம். குதிரை ஞாயிற்றுக்கிழமையும் தின்னும். அவள் ஏறுகிற குதிரை கிளப்புக்குச் சொந்தமானதோ, வேறு யாருடையதோ, அதற்கு வயதானால் எங்கே போகும் என்று அவளைக் கேட்டுவைக்கச் சொல்லுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் கேட்டுவைப்பது நல்லது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் நிர்வாகிகள் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த வெள்ளையன் பந்தயத்தை விட்டபின் குதிரைக்காரரே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சொந்தக்காரரும் காசு வாங்காமல் கொடுத்தார். பத்து வருடம் அதை தினமும் கண்மாய்க்குக் குளிப்பாட்டக் கூட்டிப்போவார். முதுகில் ஏறியதே கிடையாது, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். ஒருதடவை அவர் கணக்குப் பார்த்துச் சொன்னார், "வெள்ளையன் செயிச்சுக் குடுத்ததுக்கு மேலயே தின்னுட்டான் டாக்டரய்யா." குறையாகச் சொல்லவில்லை, கல்யாணத்தில் கூடுதலாக மொய் எழுதிவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு என் யோசனை: நிறுத்த வேண்டாம், குறைக்கலாம். வாரம் இரண்டு நாள் போதும், போட்டி வேண்டாம். ஒரேயடியாக ஒரு வருடம் விட்டால் அந்த இடுப்புச் சமநிலை போய்விடும், திரும்பப் பிடிக்க வெகுநாள் ஆகும். முக்கியமாக, குறைக்கப்போவதைப் பயிற்சியாளரிடமும் சைஸிடமும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்தக் குதிரைக்கு வேறு ஒரு பிள்ளையைப் பழக்க அவர்களுக்கு அவகாசம் வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வழக்கமாக வருகிற நேரத்துக்குக் குதிரை லாயக் கதவுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது பலகாரம். குதிரைக்கு வேண்டவே வேண்டாம். வயிற்றுக் கதை மேலே சொன்னதுதான், அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. போட்டிக் குதிரைகளுக்கு ஊக்கமருந்துச் சோதனை நடக்கும். காபி, டீ, சாக்லேட் எல்லாமே அங்கே தடைசெய்த பொருளைக் கொண்டவை. நம் வீட்டுச் சமையலில் தாராளமாகப் போடுகிற கசகசாவும் அப்படித்தான், அதிலிருந்து மார்ஃபின் தடயம் வந்துவிடும். அன்பாகக் கொடுத்த ஒரு துண்டு பர்ஃபியில் பிள்ளையின் பதக்கம் பறிபோகலாம். குதிரைக்கு கேரட் கொடுத்தனுப்புங்கள், அதையும் சைஸிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். வட்ட வட்டமாக நறுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விரல் நீளத்துக்கு, நீளவாக்கில் கீறித் தர வேண்டும்.

பலகாரம் சைஸுக்கு. தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை, பத்து நாள் தாங்குகிற மாதிரி ஒரு தூக்குச் சட்டி நிறைய. அவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மகளிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். முடிந்தால் பெரியப்பாவையே சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய், விடியற்காலை ஐந்து மணிக்கு லாயத்து வாசலில் அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மகள் குதிரை மேல் இருக்க மாட்டாள், முழங்கால் மடித்து உட்கார்ந்து குளம்பு சுரண்டிக்கொண்டிருப்பாள்.